அப்பாவின் கணினிக்கு ஜி.டி. 710 வேண்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், பிழையென்றால் திருத்துங்கள். அலுவலகத்தில் கழித்த கணினி ஒன்று கையில் இருக்கிறது: இன்டெல் ஐ5, 4ஆம் தலைமுறை, 8 ஜி.பி. நினைவகம், மெல்லிய பெட்டி. அதில் லினக்ஸ் போட்டு, கோண்டாவில் வீட்டில் இருக்கும் 43 அங்குல 4கே தொலைக்காட்சியுடன் இணைக்க வேண்டும். அப்பா பழைய படங்கள் பார்க்க வேண்டும். கனடாவிலிருந்து அக்கா அனுப்பும் கலியாண வீடியோக்களும் ஓட வேண்டும். கடையில் ‘2 ஜி.பி. ஜி.டி. 710 கிராபிக்ஸ் கார்ட் போதும்’ என்கிறார்கள். நண்பரோ ‘போடுவதென்றால் கேமிங் கார்டே போடு’ என்கிறார். எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் எழுதியிருப்பதுதான் உண்மையான கேள்வி: பழைய படங்கள் நன்றாக ஓடுகின்றன, அக்காவின் வீடியோ மட்டும் திக்கித் திக்கி ஓடுகிறது. அது ஏன், கார்ட் போட்டால் தீருமா? அதற்குத்தான் இந்தப் பதில்.

கணினி திருத்துவது என் தொழில். யாழ்ப்பாணத்தில் இருபது ஆண்டுகளாகச் செய்கிறேன். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்கும் லினக்ஸ் பெட்டிகள் மட்டும் ஐம்பதுக்குக் குறையாமல் அமைத்துக் கொடுத்திருப்பேன். அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் தனி கிராபிக்ஸ் கார்ட் கிடையாது. கார்ட் விற்றால் எனக்கும் நாலு காசு கிடைக்கும் என்பதையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

கார்ட் வாங்கப் போனால் எல்லோரும் முதலில் பேசுவது எத்தனை ஜி.பி. என்பதைத்தான். படம் பார்ப்பவருக்கு அது கடைசிக் கேள்வி. கணக்குப் போட்டே பார்க்கலாம். 4கே படத்தின் ஒரு சட்டகத்தில் (ஃபிரேம்) ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். 10 பிட் நிறத்தில் அந்தச் சட்டகத்தை நினைவகத்தில் விரித்து வைக்கச் சுமார் 25 எம்.பி. போதும். முன்னும் பின்னும் இருபது சட்டகங்களை வைத்துக்கொண்டாலும் 500 எம்.பி.தான். 2 ஜி.பி. தாராளம், 8 ஜி.பி. விளையாடுகிறவருக்கு. பார்க்க வேண்டியது வேறு ஒன்று. ஒவ்வொரு கிராபிக்ஸ் சில்லுக்குள்ளும் வீடியோவை விரிப்பதற்கென்றே ஒரு சின்னச் சுற்று தனியாக இருக்கிறது. விளையாட்டை வரையும் பகுதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எந்தெந்த கோடெக்கை (வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் முறை) விரிக்கத் தெரியும் என்பது அந்தச் சுற்றில் சில்லைச் செய்யும்போதே பொறிக்கப்பட்டுவிடும். பிறகு எந்த டிரைவரை (கிராபிக்ஸை இயக்கும் மென்பொருள்) போட்டாலும் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளாது. இடியப்ப உரல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதில் புட்டு அவிக்க முடியாது.

அக்காவின் வீடியோ ஏன் திக்குகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. பழைய படங்கள் பெரும்பாலும் எச்.264 கோடெக்கில் இருக்கும். அது 2003இல் வந்தது. டி.வி.டி.யிலிருந்து எடுத்தவை அதற்கும் முந்திய எம்பெக்-2. இரண்டையும் உங்கள் 4ஆம் தலைமுறை இன்டெல்லுக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் விரித்துவிடும். ஐபோன்களோ 2017 முதல் எச்.ஈ.வி.சி. என்ற கோடெக்கில் பதிவு செய்கின்றன, அதைத்தான் எச்.265 என்றும் சொல்கிறார்கள். 2020இல் வந்த ஐபோன் 12 முதல் 10 பிட் எச்.டி.ஆர். பதிவும் உண்டு. எச்.ஈ.வி.சி. தரநிலை 2013இல் வெளியானது. உங்கள் செயலியும் (அந்த இன்டெல் ஐ5) அதே ஆண்டில் சந்தைக்கு வந்தது. அதனால் அந்தச் சுற்று அதற்குள் இல்லை. வேலை முழுவதும் செயலியின் நான்கு கோர்களின் தலையில் விழுகிறது. 1080 அளவுள்ள எச்.ஈ.வி.சி. என்றால் அவை மூச்சுப் பிடித்துச் சமாளிக்கும். 4கே 10 பிட் என்றால் முடியாது. இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. அக்காவின் கோப்பு எச்.ஈ.வி.சி.தான் என்பது மட்டும் என் ஊகம். அதைப் பரிசோதிக்கும் வழியைக் கீழே சொல்கிறேன்.

இனி ஜி.டி. 710. கடையில் புதுப் பெட்டியில் இருப்பதால் புதியது என்று நினைக்க வேண்டாம். அந்தக் கார்ட் 2016இல் வந்தது; உள்ளே இருக்கும் சில்லு அதற்கும் முந்திய கெப்ளர் தலைமுறை. எச்.ஈ.வி.சி. தெரியாது; இணைய வீடியோக்களில் வரும் கோடெக்குகளான வி.பி.9, ஏ.வி.1 இரண்டும் தெரியாது. எச்.264 தெரியும், அது உங்கள் இன்டெல்லுக்கும் தெரியும். எச்.டி.எம்.ஐ. துளை 1.4 வகை, 4கே படத்தை வினாடிக்கு 30 சட்டகத்துக்கு மேல் அனுப்பாது. என்விடியா நிறுவனம் கெப்ளருக்கு லினக்ஸில் கொடுத்த கடைசி டிரைவர் வரிசை 470. அதற்கான ஆதரவும் 2024இல் முடிந்துவிட்டது. ஆகவே உங்களிடம் ஏற்கனவே இருப்பதையே காசு கொடுத்து மறுபடி வாங்கி, பராமரிப்பு நின்றுபோன டிரைவரையும் கூடவே வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. படம் வராத கணினிக்குப் படம் வரவைக்க அது நல்ல கார்ட்தான். உங்கள் நோய்க்கு அது மருந்தில்லை.

வாங்குவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய இரண்டு சோதனைகள் இருக்கின்றன. இரண்டும் சேர்த்துப் பத்து நிமிடம். முதலாவது, அக்காவின் கோப்பை ‘மீடியாஇன்ஃபோ’ என்ற நிரலில் திறந்து, வடிவம் (கோடெக்), பிட் ஆழம், குரோமா (நிறத் தகவல் எவ்வளவு வைக்கப்பட்டிருக்கிறது என்பது) என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். ‘எச்.ஈ.வி.சி., 10 பிட், 4:2:0’ என்று இருந்தால் வழக்கமான கைத்தொலைபேசிக் கோப்பு. ‘4:2:2’ என்று இருந்தால் வீடியோக்காரர் கேமராவிலிருந்து எடுத்ததை அப்படியே கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். அது தனிச் சிக்கல். 4:2:2 எச்.ஈ.வி.சி.யை ஏ.எம்.டி. கார்டுகளோ பழைய என்விடியா கார்டுகளோ விரிப்பதில்லை. 11ஆம் தலைமுறை முதலான இன்டெல் கிராபிக்ஸ் விரிக்கும். அப்படிப்பட்ட கோப்பு ஒன்றிரண்டுதான் என்றால் கார்ட் தேட வேண்டாம். ஓரிரவு கணினியை ஓடவிட்டு எச்.264க்கு மாற்றிவிடுங்கள். இரண்டாவது, லினக்ஸ் முனையத்தில் ‘வி.ஏ.இன்ஃபோ’ என்ற கட்டளையைக் கொடுங்கள். உங்கள் கிராபிக்ஸ் எதையெல்லாம் விரிக்கும் என்று அது வரிவரியாகச் சொல்லும். பட்டியலுக்குப் பதிலாகப் பிழை வந்தால் பயப்பட வேண்டாம். 4ஆம் தலைமுறைக்கு ‘ஐ965’ என்ற பழைய டிரைவர் வேண்டும். புதியவற்றுக்கான இன்டெல் மீடியா டிரைவர் 5ஆம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. அந்தப் பொதி இல்லாத காரணத்தால், நல்ல கணினி ஒன்று எச்.264 படத்துக்கே மூச்சுவாங்கிக்கொண்டு இருந்ததைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

கோடி என்ற படம் பார்க்கும் மென்பொருளில் படம் ஓடும்போது (பெயர்தான் கோடி, இலவசமாகவே கிடைக்கிறது) விசைப்பலகையில் ஆங்கில ‘ஓ’ (O) எழுத்தை அழுத்துங்கள். திரையில் வரும் விவரத்தில் டிகோடர் பெயருக்குப் பக்கத்தில் வன்பொருளா (HW) மென்பொருளா (SW) என்று இரண்டு எழுத்தில் காட்டும். நான் வீடுகளுக்குப் போனால் திருகாணியைக் கழற்றுமுன் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எல்லாக் குறைக்கும் கார்டே தீர்வு என்று நினைப்பதால் வரும் செலவுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். இணுவிலில் ஒரு ஐயா. கோவில் திருவிழாவில் நடந்த தவில் சமாவை 1980களில் யாரோ வி.எச்.எஸ். நாடாவில் எடுத்திருக்கிறார்கள், அதைக் கணினிக்கு மாற்றி வைத்திருந்தார். படத்தில் எல்லாம் சரியாக இருக்கும், வித்துவானின் கை அசையும்போது மட்டும் விரல்கள் சீப்புப் பல் போலக் கிழிந்து தெரியும். ஒரு கடையில் சொன்னதைக் கேட்டு, மூன்று விசிறி வைத்த கேமிங் கார்ட் ஒன்றை மகனிடம் காசு வாங்கிப் போட்டிருந்தார். சீப்புப் பல் அப்படியே இருந்தது. கூடவே இரைச்சலும் சேர்ந்துகொண்டது. “தம்பி, தவிலை விடப் பெட்டிதான் பெரிதாக வாசிக்கிறது” என்றார். உண்மையில் நடந்தது இதுதான்: நம் ஊர்த் தொலைக்காட்சி முறையின் பெயர் ‘பால்’ (PAL), வினாடிக்கு 25 சட்டகம், ஒவ்வொரு சட்டகமும் ஒற்றைப்படைக் கோடுகள், இரட்டைப்படைக் கோடுகள் என்று இரண்டு பாதிகளாக எடுக்கப்பட்டது. இரண்டு பாதிகளுக்கும் இடையே வினாடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் கழிந்துவிடுகிறது. அதற்குள் தவில்காரரின் கை வேறு இடத்துக்குப் போய்விடுகிறது. இரண்டையும் ஒரே படமாகத் தைத்துக் காட்டினால் விரல் கிழியாமல் என்ன செய்யும்? கோடியில் படம் ஓடும்போது வீடியோ அமைப்பில் ‘டீஇன்டர்லேஸ்’ என்பதை இயக்கி, வி.ஏ.-ஏ.பி.ஐ. (லினக்ஸ் கிராபிக்ஸின் வீடியோச் சுற்றோடு பேசும் வழி) வழியாக அசைவுக்கேற்ப இணைக்கும் முறையைத் தேர்ந்தேன். அவ்வளவுதான். அது அவருடைய கணினியில் முதலிலிருந்தே இருந்த இன்டெல் கிராபிக்ஸாலேயே முடிகிற வேலை. உங்கள் வீட்டிலும் பழைய கலியாணக் கொப்பிகள் இருக்கும். இதை நினைவில் வையுங்கள்.

கேபிள் பக்கமும் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் கணினியின் எச்.டி.எம்.ஐ.யும் 1.4 வகைதான்; 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 30 சட்டகம். படம் பார்க்க அது போதும், ஏனென்றால் சினிமா 24 சட்டகம். மெனுவில் சுட்டியை நகர்த்தும்போதுதான் இழுபடுவது தெரியும். ஆனால் அலுவலகக் கணினிகளில் பெரும்பாலும் டிஸ்பிளேபோர்ட் துளை இருக்கும். 4ஆம் தலைமுறையில் அது 1.2 வகை, 4கே 60 ஹெர்ட்ஸ் தரும். அதிலிருந்து எச்.டி.எம்.ஐ. 2.0க்கு மாற்றும் ‘ஆக்டிவ்’ வகை அடாப்டர் வாங்கினால் வேலை முடிந்தது. மலிவான ‘பாசிவ்’ அடாப்டர் தோற்றத்தில் அதே போல இருக்கும், 60 ஹெர்ட்ஸ் தராது. இன்னொன்று: கோடியில் ‘திரைப் புதுப்பிப்பு வீதத்தைப் படத்துக்கேற்ப மாற்று’ என்ற அமைப்பு அணைக்கப்பட்டே வரும். அதை இயக்குங்கள். 25 சட்டகப் படத்தை 60 ஹெர்ட்ஸில் காட்டினால் சில சட்டகம் இரண்டு முறையும் சில மூன்று முறையும் நிற்கும். கமரா பக்கவாட்டில் நகரும் காட்சியில் படம் நொண்டும். 50 ஹெர்ட்ஸுக்கு மாறினால் ஒழுங்காகப் போகும். இந்த நொண்டலைப் பார்த்துவிட்டுக் கார்ட் போதவில்லை என்று வந்தவர்கள் பலர்.

சரி, சோதனையெல்லாம் முடிந்து, கோப்பு 4கே எச்.ஈ.வி.சி.தான், கார்ட் போட்டே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மெல்லிய பெட்டியாதலால் குட்டை வகைக் கார்ட்தான் உள்ளே போகும். மின் வழங்கியில் கார்டுக்கான தனி வயர் இருக்காது. தான் செருகப்படும் துளையிலிருந்தே மின்சாரம் எடுக்கும், 75 வாட்டுக்குக் குறைந்த கார்ட்தான் வேண்டும். சில மெல்லிய பெட்டிகளில் துளை அந்த 75ஐயும் முழுதாகத் தராது. கணினியின் மாடல் எண்ணைப் போட்டுக் கையேட்டைப் பாருங்கள். நண்பர் சொல்லும் கேமிங் கார்ட் இதோடு பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறது.

இந்த அளவில் என் முதல் தெரிவு ஏ.எம்.டி. லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. கார்டைச் செருகினால் வேலை செய்யும், அடுத்த ஆண்டு கர்னல் மாறினாலும் செய்யும். பழைய ஆர்.எக்ஸ். 550 (2017) 10 பிட் எச்.ஈ.வி.சி.யை விரிக்கும், எச்.டி.எம்.ஐ. 2.0 உண்டு, யூடியூப் பயன்படுத்தும் வி.பி.9 தெரியாது. ஆர்.எக்ஸ். 6400 (2022) வி.பி.9ஐயும் விரிக்கும், ஏ.வி.1 தெரியாது. அதே குடும்பத்தில் பெரியதான ஆர்.எக்ஸ். 6600க்கு ஏ.வி.1 தெரியும் என்பதால் கடைகளில் 6400க்கும் தெரியும் என்று சொல்லிவிடுகிறார்கள், தெரியாது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையைப் போட்டால் ஒரு கூடுதல் வேலை: காப்புரிமைக் காரணத்தால் 2022 முதல் அதன் மெசா என்ற கிராபிக்ஸ் டிரைவர் பொதியில் எச்.264, எச்.ஈ.வி.சி. வன்பொருள் விரிப்பு கிடையாது, ஆர்.பி.எம். ஃபியூஷன் களஞ்சியத்திலிருந்து மாற்றுப் பொதி போட வேண்டும். 120 ஹெர்ட்ஸ் தொலைக்காட்சி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: ஏ.எம்.டி.யின் திறந்த டிரைவரில் எச்.டி.எம்.ஐ. 2.1ஐச் சேர்க்க எச்.டி.எம்.ஐ. மன்றம் 2024இல் மறுத்துவிட்டது. 4கே 60 வரை அதனால் பாதிப்பில்லை.

என்விடியாவில் குறைந்தது ஜி.டி. 1030. 2017இல் வந்தது, 30 வாட், எச்.ஈ.வி.சி. 10 பிட், வி.பி.9 இரண்டும் தெரியும். விசிறியே இல்லாத வகையும் கிடைக்கும். தாளில் பார்த்தால் உங்களுக்கென்றே செய்தது போலிருக்கும். எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு. அந்தத் தலைமுறைக்கு 580தான் கடைசி டிரைவர் வரிசை, இன்று ஜி.டி. 710 நிற்கும் இடத்தில் நாளை அது நிற்கும். அடுத்தது, கோடி என்விடியாவுடன் பேசும் வி.டி.பி.ஏ.யூ. வழியில் 10 பிட் எச்.ஈ.வி.சி. வன்பொருளுக்குப் போகாமல் செயலிக்கே திரும்பியதை நான் அமைத்த பெட்டிகளில் கண்டிருக்கிறேன். அதே கோப்பு எம்.பி.வி. என்ற வேறொரு வீடியோ பிளேயரில் நன்றாக ஓடியது. கோடியை ஓட்டுவதற்கென்றே செய்த லிப்ரெஎலெக் என்ற லினக்ஸ் வகை கூட என்விடியாக்காரர்களுக்குத் தனியாக ஒரு ‘பழைய’ பதிப்பை ஒதுக்கி வைத்திருக்கிறது. உறவினர் யாராவது சும்மா கொடுத்தால் வாங்கிப் போடுங்கள். காசு கொடுத்து நான் வாங்க மாட்டேன்.

இன்டெல்லின் ஆர்க் ஏ310இல் ஏ.வி.1 உட்பட எல்லாம் உண்டு. ஆனால் 10ஆம் தலைமுறை முதலான கணினிகளுக்கே இன்டெல் அதைப் பரிந்துரைக்கிறது, உங்களுடையது 4. நான் ஒரே ஒரு ஆர்க் கார்டைத்தான் கையாண்டிருக்கிறேன், அதுவும் புதிய கணினியில். ஓர் அனுபவத்தை வைத்து உங்களை அந்த வழியில் தள்ள மாட்டேன்.

இதையெல்லாம் எழுதிய பிறகும், உங்கள் இடத்தில் இருந்தால் நான் எந்தக் கார்டையும் வாங்க மாட்டேன். கார்டுக்குப் போகும் காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு, இன்டெல் என்100 செயலி உள்ள சின்னப் பெட்டிக் கணினி (மினி பி.சி.) ஒன்றை வாங்குவேன். விலையை இங்கே எழுதுவதில் பயனில்லை. டொலரோடு சேர்ந்து மாதத்துக்கு மாதம் மாறுகிறது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பு பம்பலப்பிட்டியிலும் ஒரே நாளில் விசாரித்து ஒப்பிடுங்கள். 2023இல் வந்த அந்தச் செயலியின் மதிப்பிட்ட மின்தேவை 6 வாட். எச்.ஈ.வி.சி. 10 பிட், வி.பி.9, ஏ.வி.1, அந்த வீடியோக்காரரின் 4:2:2 எச்.ஈ.வி.சி. எல்லாம் அதற்குத் தெரியும். உங்கள் பழைய பெட்டி கார்டோடு சேர்ந்து 25 வாட் கூடுதலாக எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரவு பகல் அணைக்காமல் விட்டால் மாதத்துக்கு 18 அலகு. மின்சாரக் கட்டணம் அடுக்கு அடுக்காக ஏறுவது. அந்த 18 உங்கள் பட்டியலின் மேல் அடுக்கில்தான் போய் உட்காரும். இன்னொரு வசதி, இந்தச் சின்னப் பெட்டிகள் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. மின்சாரம் இல்லாத போர்க்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட ஊர்க்காரருக்கு 12 வோல்ட்டின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மின்வெட்டு வந்தால் பட்டரியில் ஓடும். நேரடியாக மட்டும் கொடுக்காதீர்கள். ஈய அமிலப் பட்டரி சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டைத் தாண்டும். இடையில் 12 வோல்ட்டை நிலைநிறுத்தும் மாற்றி ஒன்று வேண்டும்.

எந்தக் கார்டாலும் தீராத இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற வேண்டாம். கட்டணத் திரைச் சேவைகள் லினக்ஸ் உலாவிக்கு 4கே படத்தைக் கொடுப்பதில்லை. அது உரிமைப் பாதுகாப்பு விவகாரம். அதற்குத் தொலைக்காட்சியில் இருக்கும் அந்தச் சேவையின் ஆப்பையே பயன்படுத்துங்கள். அடுத்தது, தொலைக்காட்சியின் ரிமோட்டாலேயே கணினியையும் இயக்கும் சி.ஈ.சி. வசதி சாதாரண கிராபிக்ஸ் கார்டுகளில் கிடையாது. அப்பாவுக்கு விசைப்பலகை சரிவராது என்றால், யூ.எஸ்.பி. வாங்கியோடு வரும் சின்ன ரிமோட் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். கார்டை விட அவர் அதைத்தான் பாராட்டுவார்.

பழைய கார்ட் ஒன்றை நல்ல விலைக்குத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் பெயரை நம்பாதீர்கள். பழைய சில்லின் மேல் புதிய பெயரை எழுதி விற்கும் போலிகள் சந்தையில் உண்டு. பென் டிரைவில் லினக்ஸைப் போட்டுக் கொண்டு போங்கள். கடைக் கணினியிலேயே கார்டைச் செருகி, அதிலிருந்து பூட் செய்து, அக்காவின் கோப்பை அங்கேயே ஓட்டிப் பாருங்கள். திக்காமல் ஓடினால் காசைக் கொடுங்கள். அதற்கு முன் மீடியாஇன்ஃபோவின் மூன்று வரிகளையும் வி.ஏ.இன்ஃபோ பட்டியலையும் இங்கே போடுங்கள். கோப்பு வெறும் 1080 எச்.264 என்று தெரிந்தால், மேலே எழுதியதில் பாதியை நானே திரும்பப் பெற்றுக்கொண்டு, ஐ965 பொதியைப் போடச் சொல்லுவேன்.